பூங்காப் பறவைகள் – 8: அலகில் இருக்கிறது சேதி

கருவிகளைப் பற்றிப் போதுமான அளவு பேசிவிட்டோம். வாசகர்கள் தொடர்ந்து கேட்டுவரும் கேள்விக்கு இந்த வாரம் வந்துவிடலாம்: பறவைக் கூட்டைப் படம் எடுக்கலாமா? எடுப்பதென்றால் எப்படி?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டுக்குள் எட்டிப்பார்த்து எடுக்கும் படம் வேண்டாம். முட்டைகளின் படமும், வாயைப் பிளந்து நிற்கும் குஞ்சுகளின் படமும் வேண்டாம். கூட்டுக்கு வந்துபோகும் பறவையை எடுங்கள். அதிலும் அதன் அலகைக் கவனித்து எடுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்த அலகு ஒவ்வொரு நடையிலும் வெளியே சொல்லிக்கொண்டே இருக்கிறது.

சென்னை மயிலாப்பூரில் லஸ் சர்ச் சாலையை ஒட்டி இருக்கும் நாகேஸ்வரராவ் பூங்கா போன்ற ஒரு சிறிய பூங்காவை எடுத்துக்கொள்வோம். காலையில் நடப்பவர்களும் பெஞ்சில் பேப்பர் படிப்பவர்களும் நிறைந்த இடம். இத்தகைய இடத்தில் தையல்சிட்டு இல்லாமல் இருக்காது. ஒலிவப்பச்சை முதுகும் செம்மண் நிற நெற்றியும் தூக்கிய வாலுமாக, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத உரத்த குரலில் கத்திக்கொண்டிருக்கும். அது அகன்ற இலையின் ஓரங்களில் அலகால் துளையிட்டு, பஞ்சையோ நாரையோ சிலந்தி நூலையோ அதன் வழியே இழுத்து, இலையைப் பை போலச் சேர்த்துவிடும். தைப்பது பெட்டைதான். இலை செடியிலேயே பச்சையாக இருப்பதால், பக்கத்தில் போய் நின்றாலும் கூடு கண்ணில் படாது.

இந்தப் பறவையின் அலகை ஒரு பருவம் முழுவதும் பின்தொடர்ந்து பாருங்கள். முதலில் வருவது நூல். பிறகு எருக்கம் பஞ்சோ இலவம் பஞ்சோ வரும். தையல் முடிந்து உள்ளே மெத்தை வேலை நடக்கிறது என்று பொருள். அதற்கடுத்து அலகு வெறுமையாகிவிடும். பறவையின் நடமாட்டமும் குறைந்துவிடும். கூட்டை விட்டுவிட்டுப் போய்விட்டதோ என்று நினைத்து ஆட்கள் கிளையை விலக்கிப் பார்ப்பது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் பெட்டை முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. கூடு கட்டும்போதும் அடைகாப்பின் தொடக்கத்திலும் தொந்தரவு நேர்ந்தால் பறவைகள் கூட்டைக் கைவிடுவது எளிது. குஞ்சு பொரித்தபிறகு அவ்வளவு சுலபத்தில் விடாது. ஆகவே அலகு வெறுமையாக இருக்கும் நாட்களில் கேமராவை அந்தச் செடியின் பக்கமே திருப்ப வேண்டாம் என்பேன்.

சுமார் 12 நாள் அடைகாப்பு முடிந்ததும் ஒரு காலையில் அலகில் சின்னஞ்சிறு புழு தெரியும். குஞ்சு பொரித்துவிட்டது. நாளாக ஆக இரை பெரிதாகும்: பச்சைப்புழு, சிலந்தி, சிறு வெட்டுக்கிளி. திரும்பிப் போகும்போது அலகில் வெள்ளையாக ஒரு சிறு பொட்டலம் இருக்கும். அது குஞ்சின் எச்சம். சவ்வுப் பையில் கட்டியதுபோல வெளிவரும் அதைப் பெற்றோர் கவ்விக்கொண்டுபோய்த் தூரத்தில் போட்டுவிடும். கூடு சுத்தமாக இருக்கும். வாடையோ வெள்ளைக் கறையோ எதிரிக்குக் காட்டிக்கொடுக்காது. பறவைப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வெள்ளைப் பொட்டலத்தோடு பறக்கும் படம்தான். உள்ளே உயிரோடு குஞ்சு இருக்கிறது, இரை செரிக்கிறது, தாயோ தந்தையோ பொறுப்பாக இருக்கிறது. இத்தனையும் ஒரே படத்தில் இருக்கிறது, கூடு எங்கே என்று யாருக்கும் தெரியாமலே.

ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் அலகில் சிலந்திவலை தொங்கினால் கூடு கட்டுகிறது. தேன் குடிக்கும் பறவைதானே என்று நினைக்கிறோம். குஞ்சுகளுக்கு அது ஊட்டுவது சிலந்தியும் பூச்சியும். செம்மார்புக் குக்குறுவான் கிளையின் அடிப்பக்கத்தில் பொந்து குடையும்போது வாய் நிறைய மரத்தூளோடு தலையை வெளியே நீட்டித் துப்பும். பிறகு அதே வாசலில் ஆலம்பழமும் அத்திப்பழமும் வரத் தொடங்கும். இந்தப் பறவைக்குப் பட்டுப்போன மென்மையான கிளை வேண்டும். பூங்காக்களில் முதலில் வெட்டப்படுவதும் அதுதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபின், மிச்சமிருக்கும் முதிய மரங்களின் பட்ட கிளைகளுக்கு மதிப்பு கூடிவிட்டது. ஆட்கள் தலையில் விழும் ஆபத்து இல்லாத இடங்களிலாவது அவற்றை விட்டுவைக்கும்படி பூங்கா நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். வாசலில் பழத்தோடு உட்கார்ந்திருக்கும் குக்குறுவானின் படத்தை இணைத்துக் கேட்டால், வாய்ச்சொல்லைவிட அது நன்றாக எடுபடும்.

கூட்டருகே போய்ப் படமெடுக்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிடலாம். 1892-இல் இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்களில் இளையவரான செர்ரி கியர்ட்டன் ஒரு பறவைக் கூட்டை முட்டைகளோடு படம் எடுத்தார். 1895-இல் அண்ணன் ரிச்சர்ட் எழுத, தம்பியின் படங்களோடு பிரிட்டன் பறவைகளின் கூடுகள் பற்றிய புத்தகம் வெளிவந்தது. பாடம் செய்த மாட்டின் உடலுக்குள் ஒளிந்திருந்தெல்லாம் அவர்கள் படமெடுத்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. அன்றைய லென்ஸுக்குத் தூரத்துப் பறவை எட்டாது. பறக்கும் பறவையை உறையவைக்கும் வேகம் தகட்டுக்குக் கிடையாது. ஒரு பறவை நிச்சயமாகத் திரும்பி வரும் ஒரே இடம் கூடு. அதனால் கூட்டருகே காத்திருந்தார்கள். பின்னால் வந்த எரிக் ஹோஸ்கிங் 1937-இல் ஓர் ஆந்தைக் கூட்டைப் படமெடுக்க இரவில் மறைவிடத்தில் ஏறும்போது, தாய் ஆந்தை தாக்கி இடது கண்ணை இழந்தார். அதற்குப் பிறகும் உலகின் முதல் வரிசைப் பறவைப் படக்காரராகவே வாழ்ந்து முடித்தார். அந்த ஆந்தையின்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

நம் மா. கிருஷ்ணனையும் இங்கே சொல்ல வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், மயிலாப்பூர்க்காரர். பல கேமராக்களின் பாகங்களைத் தாமே சேர்த்துக் கட்டிய கனமான கருவியால், கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுத்தவர். 1950 முதல் 1996-இல் மறையும்வரை ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றிப் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். காட்டு யானைக்குக் காட்டிய அதே கவனத்தை வீட்டுச் சுற்றுச்சுவரில் உட்காரும் பறவைக்கும் காட்டியவர். பூங்காவில் படமெடுக்க வருகிறவர்கள் அவருடைய கட்டுரைகளைத் தேடிப் படித்துவிட்டு வந்தால் நல்லது. பறவையை எப்படிப் பார்ப்பது என்பதை லென்ஸ் விளம்பரம் எதுவும் சொல்லித்தராது.

கியர்ட்டன்களுக்கு இருந்த நிர்ப்பந்தம் இன்று நமக்கு இல்லை. ஒரு சிறு கணக்கு போடுவோம். முழு அளவு சென்சாரும் 600 மி.மீ. லென்ஸும் இருந்தால், 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்தே சுமார் 60 செ.மீ. அகலமுள்ள காட்சியைப் படத்தில் நிரப்பலாம். 10 செ.மீ. தேன்சிட்டு அதில் ஆறில் ஒரு பங்கு இடத்தைப் பிடிக்கும். இது தாராளம். சாதாரண கைபேசியின் பிரதான லென்ஸில் அதே காட்சி கிடைக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்றரை அடி தூரத்துக்குப் போயாக வேண்டும். அதனால் இன்று என்னைக் கவலைப்படவைப்பது பெரிய லென்ஸோடு வருகிறவர் இல்லை. கொண்டைக்குருவியின் கூட்டுக்குமேல் கையை நீட்டும் கைபேசிக்காரர்தான். கொண்டைக்குருவி மார்பளவு குரோட்டன்ஸ் செடியிலும் பூந்தொட்டியிலும்கூடக் கூடு கட்டுவதால் அது எல்லாருக்கும் எட்டிவிடுகிறது.

எட்டிப் பார்ப்பதால் என்ன கெட்டுப்போகிறது? முதலாவது வெயில். கூட்டை மறைக்கும் இலையை விலக்கினால், கிள்ளினால், நூலால் கட்டி ஒதுக்கினால், படம் தெளிவாக வரும். சிறகு முளைக்காத குஞ்சுக்குத் தன் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாது. மே மாத வெயில் நேரே விழுந்தால் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும். அடுத்தது காக்கை. நகரப் பூங்காவில் மேலே எந்நேரமும் ஒரு காக்கை உட்கார்ந்திருக்கிறது. பதறிக் கத்தும் பறவையையும் கலைந்த கிளையையும் கவனிக்க அதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வால்காக்கை, வல்லூறு, பூனை, ஓணான் என்று வரிசை நீளும். இன்னொன்று, பறக்கத் தயாராகிக்கொண்டிருக்கும் குஞ்சுகள் பயந்து முன்கூட்டியே குதித்துவிடும். திரும்ப எடுத்து வைத்தாலும் பெரும்பாலும் தங்காது, மறுபடி குதிக்கும். ஏரிக்கரைத் தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக்கு ஆபத்து வேறுவிதம். வெயிலில் அது முட்டைமேல் நின்று நிழல் கொடுக்கிறது. வயிற்று இறகை நீரில் நனைத்துவந்து குளிரவைக்கிறது. நாம் பக்கத்தில் நிற்கும்வரை அது வரமுடியாது. முட்டைகள் அதுவரை வெயிலில் கிடக்கும்.

எவ்வளவு தூரம் போதும் என்று மீட்டரில் சொல்லச் சொல்கிறார்கள். பறவைக்குப் பறவை, பூங்காவுக்குப் பூங்கா அது மாறும். ஆனால் தவறாத அடையாளம் ஒன்று உண்டு. அலகில் இரையோடு வந்த பறவை கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து வாலை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். அந்தப் படத்தை எடுக்காதீர்கள். எழுந்து பின்னால் போங்கள்; அது நேராகக் கூட்டுக்குள் நுழையும்வரை போய்க்கொண்டே இருங்கள். பூங்காப் பறவைகள் நடந்து செல்பவர்களுக்குப் பழகியவை. ஒரே இடத்தில் நின்று தன்னையே உற்றுப்பார்க்கும் ஆளைத்தான் அவை சந்தேகிக்கின்றன. எனவே கூட்டைப் பார்த்தபடி நிற்பதைவிட, பறவை வரும் வழியில் வழக்கமாக உட்காரும் கிளையைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலான பறவைகள் கூட்டுக்குள் நுழையுமுன் அப்படி ஓரிடத்தில் தங்கி நாலாபக்கமும் பார்க்கும். காலை வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி ஒரு பெஞ்சைப் பிடித்து, அந்தக் கிளையைக் குறிவைத்து உட்காருங்கள். ஷட்டர் வேகம் 1/2000 நொடி அளவில் இருக்கட்டும். ஓசையில்லாத ஷட்டர் இருந்தால் அதையே வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கைபேசிச் செயலியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம். குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தில் அது இல்லாத எதிரியைத் துரத்திக்கொண்டிருக்கும்.

பூங்காவில் நமக்குச் சிறந்த ஆசிரியர்கள் தோட்ட வேலை செய்பவர்கள். தென்சென்னைப் பூங்கா ஒன்றில் செம்பருத்தி வரிசைப் பக்கம் நான் திரும்பியதும் ஓர் அம்மா கை காட்டி நிறுத்தினார்.

"அந்தாண்ட போவாதீங்க சார். குருவி அடைகாக்குது."

"எந்தச் செடியிலம்மா?"

"அது எதுக்கு உங்களுக்கு? இங்கேர்ந்தே பாருங்க. அதுக்கு மட்டும் நான் பைப்பு புடிக்கிறதில்ல. குடத்துல மொண்டு வேர்ல ஊத்தறேன். பைப்பு புடிச்சா பறந்துடுது."

எந்தச் செடி என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. வேறு பறவைகளை எடுக்கிறேன் என்று சொல்லி நகர்ந்தேன். அவருக்கு என் மரியாதை.

அவர் செய்தது சட்டமும் கேட்பதுதான். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை எது என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளைச் சேதப்படுத்துவதோடு, முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் சேர்த்திருக்கிறது. துப்பாக்கி எடுத்தால்தான் வேட்டை என்றில்லை. சரணாலயத்துக்குள் நடந்தால்தான் என்றும் இல்லை. தெருமுனைப் பூங்காவில் கூடு கட்டும் காட்டுப் பறவைக்கும் இது பொருந்தும். பல புகைப்படப் போட்டிகளும் இதழ்களும் இப்போது கூட்டுப் படங்களை ஏற்பதில்லை. போட்டிக்குக் கூட்டுப் படம் வேண்டாம் என்று நடுவர்கள் உறுதியாக நின்றால், இலையைக் கிள்ளும் கைகளில் பாதி தானாக நின்றுவிடும் என்று நம்புகிறேன்.

எடுத்த படத்தை என்ன செய்வது? குஞ்சுகள் பறந்துபோகும்வரை இடத்தைச் சொல்லாதீர்கள். கைபேசிப் படத்தில் இடக்குறிப்பு தானாகப் பதிந்திருக்கும். பகிருமுன் அதை நீக்குங்கள். பொந்து வாசலில் பகலில் வெயில் காயும் புள்ளி ஆந்தை விஷயத்தில் இது மிக முக்கியம். ஒரு படம் பரவினால் அடுத்த ஞாயிறு அந்த மரத்தடியில் முக்காலிகளின் கூட்டம் நிற்கும். ஆந்தைக் குடும்பம் தூங்க முடியாது.

ஆனால் பதிவைப் பூட்டியும் வைக்க வேண்டாம். பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு தளத்தில் பட்டியல் இடும்போது ஒவ்வொரு பறவைக்கும் இனப்பெருக்கக் குறியீடு சேர்க்க வசதி இருக்கிறது. கூட்டுப்பொருள் சுமந்து செல்கிறது, இரை சுமந்து செல்கிறது, எச்சப்பை சுமந்து செல்கிறது என்று தனித்தனிக் குறியீடுகள். கூட்டை நெருங்காமல், பெஞ்சில் உட்கார்ந்து எடுத்த அலகுப் படம் அங்கே இனப்பெருக்கத்துக்கு நேர்ச் சான்று. எந்தப் பறவை நம் ஊரில் எந்த மாதத்தில் குஞ்சு பொரிக்கிறது என்பதற்கு இத்தகைய பதிவுகள் தேவைப்படுகின்றன. 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்பவர்கள் மற்ற மாதங்களிலும், குறிப்பாகக் கோடையிலும் முதல் மழைக்குப் பிறகும், தங்கள் பூங்காவில் இதைச் செய்யலாம். ஒரே பூங்கா, ஒரே பெஞ்சு, ஆண்டு முழுவதும். அப்படி ஒரு வரிசைப் படங்களை எடுத்து வைத்திருக்கும் வாசகர்கள் இருந்தால், இடத்தின் பெயரைத் தவிர்த்து எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் காக்கைக் கூட்டுக்கும் குயிலுக்கும் நடுவில் நடப்பதைப் பார்க்கப் போகிறோம். அங்கேயும் அலகைத்தான் கவனிக்க வேண்டும்.

(தொடரும்)