ஓப்பன் பேக் இயர்பட்ஸ்: பாட்டு கேட்க சூப்பர்தான்... ஆனா தறி சத்தத்துக்கு நடுவில் ஏன் கூடாது?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பாட்டு இல்லாமல் ஷிப்ட் நகராது. ஒரு காலத்தில் ஹால் முழுக்க ஒரே ஸ்பீக்கர், அதில் கோடை எஃப்.எம். இப்போது பவர் டேபிளில் உட்காருபவர் காதில் தனி இளையராஜா, செக்கிங்கில் நிற்பவர் காதில் தனி அனிருத். இதில் காதை அடைக்காத 'ஓப்பன்' வகை இயர்பட்ஸுக்கு இன்னொரு வசதியும் உண்டு. பாட்டு ஓடும்போதே சூப்பர்வைசர் கூப்பிட்டாலும் கேட்கும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஓப்பன் பேக் என்றால் என்ன?

இயர்போனுக்குள் இருப்பது குட்டி ஸ்பீக்கர். அதன் மெல்லிய சவ்வு அசையும்போது முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கமும் சத்தம் கிளம்பும். பின்பக்கத்தை மூடிவிட்டால், அது உள்ளுக்குள்ளேயே மோதித் திரும்பி பாட்டோடு கலக்கும். குடத்துக்குள் பேசின மாதிரி ஒரு 'கும்' கேட்கிறதே, அது இதனால்தான். பின்பக்கம் சல்லடை மாதிரி துளை விட்டு அந்தச் சத்தத்தை வெளியே அனுப்பிவிட்டால் அது ஓப்பன் பேக். 1968-ல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் கொண்டுவந்த, மஞ்சள் பஞ்சு வைத்த எச்.டி. 414 ஹெட்போன்தான் இந்த வகையைப் பிரபலமாக்கியது.

இதே யோசனைதான் இயர்பட்ஸிலும். ரப்பர் முனை இருக்காது, காது மடலில் சும்மா உட்காரும், உடம்பில் காற்றுத் துளைகள் இருக்கும். வயலின் ஒரு பக்கம், புல்லாங்குழல் ஒரு பக்கம் என்று பிரிந்து கேட்கும். 1978-ல் ஸ்டீரியோவில் பதிவான 'பிரியா' பாடல்களை ராத்திரி அமைதியான அறையில் இதில் கேட்டால், காசு கொடுத்தது வீண் இல்லை என்று தோன்றும்.

அப்போ பிரச்சினை என்ன?

துளை இரண்டு பக்கமும் வேலை செய்யும். பாட்டு வெளியே போகும் வழியிலேயே ஓவர்லாக் மெஷின் சத்தம் உள்ளே வரும். காதுத் துவாரம் அடைபடாததால் பேஸ் ஏற்கெனவே குறைவு. மிச்சம் இருப்பதையும் மெஷின் இரைச்சல் மூடிவிடும். உடனே கை தானாக வால்யூமுக்குப் போகும்.

தையல் ஹாலாவது பரவாயில்லை. பல்லடம், மங்கலம், சோமனூர் பக்கம் நாடா தறி ஓடும் கூடங்களில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு சொல்லும் கணக்குப்படி, 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-ல் 4 மணி, 91-ல் 2 மணி, 100-ல் வெறும் 15 நிமிடம். இந்திய விதிகளில் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதி. இங்கே 'ஒன்றரை ஷிப்ட்' என்றால் 12 மணி நேரம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தறி 90 டெசிபல், பாட்டும் 90 டெசிபல் என்றால் காதுக்குப் போவது 180 இல்லை, 93தான். ஆனால் அந்த மூன்றே போதும், காது தாங்கும் நேரம் பாதியாகிவிடும்.

ரப்பர் முனை வைத்த பட்ஸ், நாய்ஸ் கேன்சலிங் பட்ஸ் போட்டால்? வெளிச்சத்தம் குறையும், வால்யூமும் குறைவாகப் போதும். ஆனாலும் அவை பாதுகாப்புக் கருவிகள் இல்லை. தறிக்கூடத்துக்கு இயர் பிளக் அல்லது இயர் மஃப்தான். கம்பெனி தரவில்லை என்றால் கேட்டு வாங்க வேண்டிய பொருள் இது.

எப்படித் தெரியும்?

உள்காதில் இருக்கும் நுண்ணிய முடி செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது 4,000 ஹெர்ட்ஸ் ஒட்டிய கீச்சு ஒலிகள். அதனால் பேச்சு கேட்கும், வார்த்தை பிடிபடாது. ஷிப்ட் முடிந்தும் காதில் 'ஙொய்ய்' என்ற ரீங்காரம் நிற்கவில்லை, வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை வருகிறது என்றால் ஆடியோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில், இரைச்சலால் வரும் செவித்திறன் குறைபாடும் இருக்கிறது. டாக்டரிடம் போனால் எந்த மெஷினில், எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சொல்லுங்கள்.