பொதுக் கோப்புறை

பல கணினிகள் இணைந்த அலுவலகத்தில், யாவர்க்கும் உரிய கோப்புகள் வழங்கி என்னும் கணினியில் ஓரிடத்தே வைக்கப்பெறும். அவ்விடமே பொதுக் கோப்புறை. 1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பார் வகுத்த நெறியின் வழிவந்ததே விண்டோஸ் கணினிகளில் இன்றும் இதற்குப் பயன்படுகின்றது.

அதனை நாடுவோர், இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு வழங்கியின் பெயரையும், மற்றொன்றை இட்டுக் கோப்புறையின் பெயரையும் எழுதுவர். வழங்கி உடனே கதவு திறந்துவிடாது. வந்தவர் யாவர் எனக் கடவுச்சொல்லால் தெளிந்து, அவர் படித்தற்கு மட்டும் உரியவரா, திருத்தற்கும் உரியவரா என ஆராய்ந்த பின்னரே இடந்தரும்.

இக்காவல் வீணன்று. தம் கணினியில் ஒருவர் அழித்த கோப்பு குப்பைத்தொட்டியிற் கிடக்கும், மீட்கலாம். பொதுக் கோப்புறையில் அழித்ததோ பெரும்பாலும் அங்குச் சேர்வதில்லை. ஒருவர் விரல் தவறின் அனைவர்க்கும் அக்கோப்பு இல்லையாகும். முன்னரே படியெடுத்து வைத்திருந்தாலன்றி அதனை மீட்டல் அரிது.