கடாரத்தின் கடலோரப் பள்ளத்தாக்கு

பீடோங்கிலிருந்து மெர்போக்கிற்குச் செல்வோர் வலப்புறத்தே ஜெராய் மலையைக் காண்பர். ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரமுள்ள அம்மலை சமவெளியில் தனித்து நிற்பதால், கடலில் நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலப்படும். அதன் தெற்கே மூடா ஆறு வரை பரந்துள்ள நிலமே பூஜாங் பள்ளத்தாக்கு.

மாணவச் செல்வங்களே, பள்ளத்தாக்கு என்றதும் இருபுறமும் செங்குத்தான பாறைகளை எண்ண வேண்டா. இது தாழ்ந்து அகன்ற நிலம். பூஜாங் முதலிய ஆறுகள் இதனூடே பாய்ந்து, பக்காவ் மரங்கள் அடர்ந்த மெர்போக் முகத்துவாரத்தை அடைகின்றன. முற்காலத்தில் கடல் இன்றைவிட உள்ளே தள்ளியிருந்தது. ஆறுகள் கொணர்ந்த வண்டல் படியப் படியக் கடல் பின்வாங்கியது. சுங்கை பத்துவில் மரக்கலங்கள் அணைந்த துறைகளின் செங்கல் அடித்தளங்கள் இன்று வறண்ட தரையில் கிடப்பது இதனாலேயே.

தென்மேற்குப் பருவக் காற்றில் வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு ஜெராய் மலையே வழிகாட்டி. வடகிழக்குக் காற்று எழும்வரை ஊர் திரும்ப இயலாது. காத்திருக்கும் திங்கள்களில் தங்குவதற்கு அமைதியான முகத்துவாரமும் நன்னீரும், வாங்கிச் செல்வதற்குக் காட்டுப் பொருள்களும் இரும்பும் இங்கு இருந்தன. 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் சுங்கை பத்துவில் அகழ்ந்தபோது, இரும்புருக்கும் உலைகளும், துருத்திக் காற்றை உலைக்குள் செலுத்திய களிமண் குழாய்களும் ஏராளமாக வெளிப்பட்டன. அவ்விடம் செம்பனைத் தோட்டமாக இருந்த நிலமாகும்.

கடாரம் என்றால் நம்மவர் உடனே 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் நடத்திய படையெடுப்பையே பேசுவர். அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய புத்த விகாரைக்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே வழங்கினான் என்பதை எத்தனை பேர் அறிவர்? படை வந்து போயிற்று. வாணிகமோ பல நூற்றாண்டு நிலைத்தது. 7ஆம் நூற்றாண்டில் சீனத் துறவி இ-சிங் இந்தியா செல்லும் வழியில் இங்குத் தங்கினார். அதற்கும் முன், 5ஆம் நூற்றாண்டில், புத்தகுப்தன் என்னும் மாலுமி பல்லவ எழுத்தில் பொறித்த கல்லை, செபராங் பிறையில் ஜேம்ஸ் லோ 1834ஆம் ஆண்டில் கண்டெடுத்தார். அஃது இன்று கல்கத்தா அருங்காட்சியகத்தில் உள்ளது.

1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிட்ச் வேல்சும் அவர்தம் துணைவியாரும் இப்பள்ளத்தாக்கில் முப்பது அளவிலான இடங்களை ஆராய்ந்தனர். அவற்றுள் ஒன்றான புக்கிட் பத்து பாகாட் கோயிலின் அடித்தளம் 1960ஆம் ஆண்டளவில் சீரமைக்கப் பெற்றது. அதனருகே 1980ஆம் ஆண்டில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கோயிலின் கருங்கல் தளத்தில், தூண்களை நாட்டிய கற்களைப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கலாம். மேலே இருந்த மரமும் கூரையும் மழைக்கும் கறையானுக்கும் இரையாயின.

எல்லாவற்றிற்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. சுங்கை பத்துத் தோட்டத்தில் இருந்த 11ஆம் எண் கோயிலின் எச்சம், வீடமைப்புக்காக நிலம் சமப்படுத்தப்பட்டபோது இடித்துத் தள்ளப்பட்டது. இச்செய்தி 2013ஆம் ஆண்டிறுதியில்தான் வெளியே தெரிந்தது. ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய செங்கல், இயந்திரத்தின் முன் ஒரு நாளும் தாங்காது.

தோட்டப் பெற்றோர் பெருமக்களுக்கு ஒரு செய்தி. இந்நிலத்தில் மண்வெட்டி முதலில் படுவது உங்கள் கையால்தான். சுட்ட செங்கல் வரிசை, துளையுள்ள களிமண் குழாய், இரும்புக் கசடு, சிறு கண்ணாடி மணி, பீங்கான் ஓடு ஆகியவை தட்டுப்பட்டால், அவற்றை எடுக்காமல் அவ்விடத்திலேயே விட்டு, தோட்ட நிர்வாகத்திற்கும் மெர்போக் அருங்காட்சியகத்திற்கும் தெரிவியுங்கள். ஓட்டின் காலத்தை, அது கிடந்த மண்ணடுக்கையும் அருகிருந்த கரித்துண்டையும் கொண்டே ஆய்வாளர் கணிக்கின்றனர். வீட்டு அலமாரிக்கு வந்துவிட்ட ஓட்டிற்கு அவ்விரண்டும் இல்லை.