கொட்டகை வாசலில் பேசப்படும் விலை

ஈப்போவிலிருந்து மெங்லெம்பு வழியாக லகாட்டுக்கும், அதற்கப்பால் பாப்பான், பூசிங் என்னும் சிற்றூர்களுக்கும் செல்லுகிற சாலையின் இருமருங்கிலும், ஒரு காலத்தில் ஈயத்துக்காகக் குடைந்தெடுக்கப்பட்டு இன்று குட்டைகளும் வெண்மணல் மேடுகளும் லாலான் புல்லுமாகக் கிடக்கும் நிலங்களில், வெயில் ஏறுவதற்கு முன்பே மேயத் தொடங்கிவிடும் மாடுகளைக் காண்கிறவர்களுக்கு, அவற்றின் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட தமிழர் ஜீவன சரித்திரம் ஒன்று நிற்கிறது என்பது உடனே தோன்றாது.

மலாய் நாட்டுக்குச் சொந்தமான மாடு கெடா-கிளந்தான் என்று பெயர் பெற்ற சிற்றினம். உழைப்புக்கும் வெயிலுக்கும் சளைக்காதது, ஆனால் பால் சொற்பம். ரப்பர்த் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆட்கள் வந்து இறங்கிய காலத்தில், அவர்களை ஒட்டிக் கப்பலேறி வந்த திமில் பருத்த மாடுகளின் வம்சத்தையே இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் ‘உள்நாட்டு இந்தியப் பால்மாடு’ என்று தனி வகையாகக் கணக்கிடுகிறார்கள். விடியுமுன் தாயும் தகப்பனும் பால்மரம் வெட்டப் போய்விட, வயதாகி வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பாட்டனார் மாட்டை அவிழ்த்து மரங்களுக்கிடையே ஓட்டிச் செல்ல, கறந்த பால் சைக்கிளில் பட்டணத்துக்குப் போன குடும்பங்கள் இந்தப் பேரா மாநிலத்தின் தோட்டங்களில் ஏராளம். தோட்டக் கூலி கடைக்காரர் கணக்குக்கே சரியாய்ப் போயிற்று; பால் காசு மருந்துக்கும் துணிமணிக்கும் உதவிற்று; பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் மேற்படிப்பு, ஊருக்குக் கப்பல் டிக்கெட் என்று பெருந்தொகை வேண்டியபோதெல்லாம் கயிறு அவிழ்க்கப்பட்டது கொட்டகையில்தான்.

இதில் ஒரு வேற்றுமையைக் கவனிக்க வேண்டும். தொழிலாளி வெட்டிய ரப்பருக்கு 1911 முதலே சிங்கப்பூரில் பொது ஏலம் நடந்து வந்தது. அதன் விலை பத்திரிகைகளில் அச்சாயிற்று. 1950-களில் கூலி ஒப்பந்தங்களே ரப்பர் விலையோடு பிணைக்கப்பட்டன. ஆகவே துரைக்கும் கிராணிக்கும் மட்டுமல்ல, வாளி சுமந்தவருக்கும் ரப்பர் என்ன விலைக்குப் போகிறது என்பது ஒருவாறு தெரிந்தே இருந்தது. ஆனால் அதே தொழிலாளியின் சொந்த ஆஸ்தியான மாட்டுக்கு அப்படிப் பகிரங்கமான விலை என்று ஒன்றும் ஏற்படவில்லை. இந்தச் சாலை ஓடும் கிந்தாப் பள்ளத்தாக்கில் மாட்டுக்கென்று வாரச்சந்தை கூடும் வழக்கம் வேரூன்றாமற் போனமையால், கொட்டகை வாசலில் இரண்டு பேர் பேசி முடித்ததே கிரயமாயிற்று. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான்.

அந்தப் பேச்சு நடக்கும் விதத்தை அருகிலிருந்து பார்க்க வேண்டும். வாங்க வருகிறவர் லாரியைச் சற்றுத் தள்ளியே நிறுத்துகிறார். முதலில் மாட்டைப் பார்ப்பதில்லை. மழையைப் பற்றியும், தோட்டம் கைமாறப் போகிறதா என்பதைப் பற்றியும் விசாரிக்கிறார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவர் போல் காளையை ஒரு சுற்றுச் சுற்றி, பின்சப்பையை உள்ளங்கையால் அழுத்தி, உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்கிறார். “நாலு பல்லுதானா அண்ணே? காளை கொஞ்சம் வாடியிருக்கே, புல்லு பத்தலையோ?” என்கிறார். விற்கிறவருக்குப் பதில் தெரியாமலில்லை; ஆனால் அவர் மனத்தில் நிற்பது காளை அன்று, அடுத்த வாரம் கட்ட வேண்டிய பணம். வந்தவருக்கு அது தெரியும். ஒருவருடைய அவசரமும் இன்னொருவருடைய நிதானமும் சேர்ந்து விதிக்கும் தொகையை விலை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தமிழ்நாட்டின் மாட்டுச் சந்தைகள் இதற்கு நேர்மாறான காட்சி. பொள்ளாச்சி, மணப்பாறை, ஈரோட்டுக் கருங்கல்பாளையம் முதலான இடங்களில் வாரந்தோறும் கூடும் சந்தைகளும், ஆடியில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையும் சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோயில் திருவிழாவையும் ஒட்டிக் கூடும் பெருஞ்சந்தைகளும் பல தலைமுறைகளாக நடப்பவை. கண்ணபுரத்துக்கு முக்கியமாக வருவன காங்கயம் காளைகள். சுழி பார்த்து, பல் பார்த்து, நடை பார்த்து விலை சொல்லும் அனுபவஸ்தர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அங்கும் கூவி விடும் ஏலம் கிடையாது. தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தன் கைமேலும் எதிராளியின் கைமேலும் போர்த்துக்கொண்டு, அதனுள்ளே விரல்களைப் பற்றுகிறார்; ஒரு விரல் ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் விளங்கும்; பற்றுவதும் உதறுவதுமாகச் சிறிது நேரம் நடந்து, தலையசைப்பில் வியாபாரம் முடிகிறது. மாட்டைக் கொடுத்தாலும் பழைய கயிற்றைக் கொடுக்காமல், புதுக்கயிறு மாற்றி அனுப்புகிற வழக்கமும் உண்டு.

துண்டுக்குள் பேசப்படும் விலையில் ஏமாற்றுக்கு இடமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தரகர் ஒரு பக்கம் ஒரு தொகையும் மறுபக்கம் வேறொரு தொகையும் பேசிவிடக்கூடும் என்பதை அறியாத சம்சாரி இல்லை. ஆயினும், பக்கத்திலேயே நூறு கயிறுகள் கட்டியிருக்கும் இடத்தில், ஒரு தரகர் சொன்ன விலை பிடிக்காவிட்டால் நாலடி நடந்து இன்னொருவரைக் கேட்கலாம். அதுவும் சரிப்படவில்லையானால் மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போகலாம். தன்னுடையதைப் போன்ற மாடு அன்று காலையில் என்ன விலைக்குப் போயிற்று என்பது அவர் காதில் விழுந்திருக்கிறது. லகாட்டில் தனியே நிற்கும் கொட்டகைக்காரருக்குக் கிடையாதது அந்தச் செய்தி ஒன்றே.

தராசு இல்லாத இடத்திலும் எடையை ஏறக்குறைய அறியும் உபாயம் ஒன்று உண்டு. மாடு வளர்ப்பவர் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றித் தையல்காரர் நாடாவால் அளக்க வேண்டும். தோள் முனையிலிருந்து பின்சப்பை எலும்பு வரை நீளத்தையும் அளக்க வேண்டும். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் எடை ராத்தலில் வரும். அளவுகள் அங்குலத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சுற்றளவு 60 அங்குலம், நீளம் 50 அங்குலம் என்றால் 600 ராத்தல், அதாவது சுமார் 272 கிலோ. தோல், தலை, குடல் கழிந்து எலும்போடு தேறுவது உத்தேசம் இதில் பாதி. லாரிக்காரர் கையை வைத்து அழுத்திப் பார்த்துக் கணக்கிடுவது இதைத்தான். நாடா கையிலிருந்தால் அந்தக் கணக்கு இருவருக்கும் பொதுவாகிவிடும்.

பேராவில் மாட்டின் விலை உச்சத்துக்குப் போவது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில். குர்பான் என்னும் பலிக்கு மாடு ஒன்றை ஏழு பேர் வரை பங்கிட்டுக்கொள்ளலாம் என்பது மார்க்க விதியாதலால், விலை மாட்டுக்கென்று சொல்லப்படாமல் பங்குக்கு இவ்வளவு என்று சொல்லப்படுகிறது. பங்கு 900 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஏழு பங்கும் சேர்ந்து 6,300 வெள்ளி; அறுப்புக்கூலி, வண்டிச் சத்தம், இடையிலிருப்பவர் லாபம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். மாடு இரண்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். குருடு, நொண்டி ஆகாது. ஆகவே அந்த மாதம் பார்த்து, ஊனமில்லாத, பல் விழுந்த காளையைக் கொடுக்க முடிந்தவருக்கு நல்ல காசு. பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்தில் விற்க நேர்ந்தவருக்கு வந்ததே மிச்சம். பெயர் வைத்து வளர்த்த காளையை அனுப்பிவிட்டு அன்று சோறு கொள்ளாத வீடுகளை நான் அறிவேன். அவர்களுடைய கஷ்டத்தை யாரும் லேசாக எண்ணக் கூடாது. ஆடு வளர்ப்பவருக்கு அந்தப் பெருநாளோடு தீபாவளியும், முனியாண்டி கோயில் பூசைகளும் பருவங்கள்.

உலகச் சந்தையும் இந்தக் கொட்டகைகளைத் தொடாமலில்லை. மலேசியா உண்ணும் மாட்டிறைச்சியில் உள்நாட்டில் விளைவது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சத்தில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து உறைந்து வரும் எருமை இறைச்சி. ஆஸ்திரேலியாவிலிருந்து உயிர்மாடுகளும் கப்பலேறி வருகின்றன. அந்த நாட்டில், குவீன்ஸ்லாந்திலுள்ள ரோமா போன்ற பெருஞ்சந்தைகளில், பட்டிகளுக்கு மேலுள்ள நடைபாலத்தில் நின்று ஏலக்காரர் கிலோவுக்கு இத்தனை காசு என்று உரக்கக் கூவுகிறார். முடிந்த விலைகள் அன்றே வெளியாகின்றன. அங்கே இளமாட்டு விலைக்குறியீடு, அறுத்த எடைக் கணக்கில், 2022 தொடக்கத்தில் கிலோவுக்கு 11 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிற்று; 2023 அக்டோபரில் 4 டாலருக்கும் கீழே போயிற்று. ஏலம் இருந்தும் நஷ்டம் வந்தது என்று இதைக் காட்டி வாதாடுவோர் உண்டு. விலை இறங்குவதை ஏலம் தடுக்காதென்பது மெய்யே. ஆனால் இறங்கியது தனக்கு மட்டுமா எல்லோருக்குமா என்பது அங்குள்ள விவசாயிக்குத் தெரிந்திருந்தது.

நிலமில்லாமை இதையெல்லாம்விடக் கொடியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாயிற்று. 1985-இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடிய பின் மிஞ்சிய மேய்ச்சல் வெளிகளிலும் மாட்டுக்காரருக்குப் பட்டா கிடையாது. காலி செய்யும்படி அறிவிப்பு வந்தால், குறித்த தேதிக்குள் பத்து மாட்டையும் ஒன்றாக விற்க வேண்டியிருக்கிறது. அந்த நிர்ப்பந்தம் லாரிக்காரருக்கு மாட்டுக்காரரைவிட முன்னதாகவே எட்டிவிடுகிறது.

நான் கேட்பது பெரிய காரியமன்று. கிந்தா மாவட்டத்தில் ஒரு திடல், நிழலுக்குக் கூரை, மாடு ஏறி நிற்கக்கூடிய தராசு ஒன்று, கோமாரியும் தோல்கழலையும் இல்லையென்று பார்த்துச் சொல்லக் கால்நடைத் துறை வைத்தியர் ஒருவர். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்னும் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னும் சில நாட்கள் கிலோக்கணக்கில் பகிரங்க ஏலம். அன்று முடிந்த விலைகளை எழுதி ஒட்ட ஒரு பலகை. திடலுக்கு வராத மாட்டுக்காரரும் அந்தப் பலகையைப் பார்த்து வந்து, மறுநாள் தன் கொட்டகை வாசலில் பேசலாம்.