ஒண்ணாம் வகுப்பு டீச்சர் ஆகணுமா?

பி.எட். படித்தால் எந்த வகுப்புக்கும் டீச்சர் ஆகலாம்னு நெனச்சிருந்தேன். தப்பு! ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு அது செல்லாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொல்லிவிட்டது. நம் தமிழ்நாட்டில் வழக்கமான வழி, பிளஸ் டூ முடித்து 2 வருடம் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு. பிறகு டெட் தேர்வு. முதல் தாளில் 150 கேள்வி. அதில் 30 கேள்வி குழந்தைகளின் வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றித்தான்.

"அ, ஆ சொல்லித்தர இவ்ளோ படிப்பா?" என்று எங்க அத்தை சிரிச்சாங்க. ஒரு குழந்தை 6-ஐத் திருப்பிப் போட்டால் அடிக்காமல், ஏன்னு கண்டுபிடிக்கணுமே அத்தை!

தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போகிற அடையாறுக்கு 1939-ல் இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் டாக்டருக்குப் படித்தவர்! இதைச் சொன்னதும் அத்தை, "அப்ப நீயும் படி"ன்னாங்க.