மேம்பாலமே மலை... 180 கி.மீ. மலைப்பாதைக்கு வாலாஜாபாத் சமவெளியில் தயாராக முடியுமா?

வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் ஞாயிறு அதிகாலை சைக்கிள் மிதிப்பவர்களுக்கு மேடு என்றால் அது மேம்பாலம்தான். ஒரு நிமிடத்தில் ஏறி, அரை நிமிடத்தில் இறங்கிவிடலாம். மற்றபடி கம்பெனி காம்பவுண்டு, ஏரிக்கரை, கன்டெய்னர் லாரி என்று தட்டையான ஊர். இங்கே பழகியவர் ஆசைப்பட்டு ஒரு மலைப்பாதை டிரையத்லானுக்குப் பணம் கட்டினால் என்ன ஆகும்?

முழு தூர டிரையத்லான் என்பது 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். பெரும்பாலான போட்டிகளில் நீச்சலையும் சைக்கிளையும் சேர்த்து சுமார் பத்தரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். தாண்டினால் ஓட விட மாட்டார்கள். மாதக்கணக்கான பயிற்சி, விசா, விமான டிக்கெட் எல்லாம் அங்கேயே போச்சு. அதனால்தான் `எந்தப் பாதை கஷ்டம்?' என்ற கேள்வியைப் பணம் கட்டும் முன்பே கேட்கிறார்கள்.

வழக்கமாக எல்லோரும் பார்ப்பது, மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்ற கணக்கைத்தான். 2023-ல் ஆண்களுக்கான அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப் நடந்த பிரான்ஸின் நீஸ் நகரப் பாதையில் சுமார் 2,400 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் வழியாக ஊட்டி போனால் ஏறுவது சுமார் 1,900 மீட்டர். ஆக, நீஸ் என்பது ஒன்றேகால் ஊட்டி!

ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவிலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான், சுமார் 2,500 மீட்டர். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. நீஸில் பெரிய ஏற்றங்கள் முதல் பாதியில் வந்துவிடும். அதன்பின் நீண்ட இறக்கம். லான்சரோட்டேயில் மேடும் பள்ளமும் பாதை முழுக்கச் சிதறிக் கிடக்கும், போதாததற்குக் கடல் காற்று வேறு. ஏறி முடித்தோம் என்று மூச்சு விட்டால் எதிர்க்காற்று காத்திருக்கும்.

பிரான்ஸின் ஆல்ப் டுயஸ் போட்டியில் சைக்கிள் தூரம் 118 கி.மீ. மட்டுமே. `அட, குறைவுதானே' என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். ஏற்றம் சுமார் 3,200 மீட்டர். கிலோமீட்டருக்கு 27 மீட்டர், அதாவது நீஸைப்போல இரண்டு மடங்கு. அதிலும் 21 வளைவுகள் கொண்ட சுமார் 14 கி.மீ. ஏற்றம், கால் ஓய்ந்த கடைசி நேரத்தில் வருகிறது. சரிவு சராசரி 8 சதவிகிதம். 70 கிலோ மனிதர், 10 கிலோ சைக்கிள் என்று வைத்துக்கொண்டால், ஒரகடம் சாலையில் மணிக்கு 28 கி.மீ. வேகம் தரும் அதே உழைப்பு அங்கே 8 கி.மீ.தான் தரும். அந்த ஒரு ஏற்றத்துக்கே ஒன்றே முக்கால் மணி நேரம்!

நார்வேயின் நார்ஸ்மேன் போட்டி இன்னொரு ரகம். படகில் இருந்து குளிர்ந்த கடலில் குதித்து நீந்தி, கரையேறிய கையோடு 1,200 மீட்டருக்கு மேல் உள்ள பீடபூமிக்கு மிதிக்க வேண்டும். ஈர உடம்பில் மலைக்காற்று பட்டால் எப்படி இருக்கும் என்பதை எந்த மீட்டர் கணக்கும் சொல்லாது.

சரி, வாலாஜாபாத்காரர் என்ன செய்வது? ஏறுவதற்கு இங்கேயே ஓரளவு தயாராகலாம். சமவெளியில் இறக்கம் கிடையாது, எனவே கால் சும்மா இருக்கவே முடியாது. எதிர்க்காற்றில் கனமான கியர் போட்டு ஒரு மணி நேரம் நிற்காமல் மிதிப்பதும் மலை ஏறுவதுபோல காலுக்குக் கடுமையான வேலைதான். பின்சக்கரத்தை டிரெய்னரில் பூட்டி வீட்டு ஹாலிலேயே மிதிக்கலாம். லாரி பயமும் இல்லை. போட்டிக்குப் போகும்போது பின்சக்கரத்தில் 28 பல்லுக்குப் பதில் 34 பல் கியர் மாட்டினால், அதே ஏற்றத்தில் முழங்கால் தப்பிக்கும்.

இறங்குவதுதான் சிக்கல். அதற்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடமே கிடையாது. டிரையத்லான் சைக்கிளில் காற்றைக் கிழிக்கக் குனிந்து பிடிக்கும் கம்பியில் கை இருக்கும், பிரேக்கோ வேறு இடத்தில். வளைவுக்கு முன்பே கையை மாற்றி வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். ரிம் பிரேக்கை விடாமல் பிடித்தே இறங்கினால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். மசினகுடி - ஊட்டி கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வெளியூர் வாகனங்கள் இறங்கத் தடை போட்டிருப்பது சும்மா இல்லை.

வாலாஜாபாத்தில் இருந்து கையெட்டும் தூரத்தில் இருப்பது ஏலகிரி. 14 கொண்டை ஊசி வளைவுகள். காரில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு இருட்டோடு கிளம்பினால், சுற்றுலா வண்டிகள் வரும் முன் மலையடிவாரத்தில் இருக்கலாம். ஏறிப் பழக ஒரு தடவை போதும். இறங்கிப் பழகுவதற்காக இன்னொரு தடவை ஏற வேண்டியிருக்கும்.