பாதியில் நின்ற பழைய காரை விற்பது எப்படி?

வீட்டின் பின்புறத்திலோ உறவினர் ஒருவரின் கொட்டகையிலோ தார்ப்பாய் போர்த்திய பழைய கார் ஒன்று பல குடும்பங்களில் இருக்கிறது. அது உத்தரபாராவில் தயாரான அம்பாசிடராக இருக்கலாம்; மும்பையில் தயாரான ஃபியட்டாகவோ சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டாகவோ இருக்கலாம். புதுப்பிக்கும் ஆசையோடு பிரித்த காரைத் திரும்பப் பூட்டி முடிப்பதற்குள் பணமோ நேரமோ தீர்ந்துவிடுகிறது. சில வேளைகளில், தொடங்கியவரே மறைந்துவிடுகிறார். அத்தகைய காரைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் ஓடும் காரை விற்பது போலவும் விற்க இயலாது.

ஓடாத காரை வாங்குபவர், அதனோடு முடிவு தெரியாத ஒரு வேலையையும் சேர்த்தே வாங்குகிறார். அந்த வேலை எவ்வளவு என்பது அவருக்கு எந்த அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறதோ, அந்த அளவுக்கே விலையும் நிற்கும். ஆகவே, விற்பவர் செய்யவேண்டிய முதற்பணி தெளிவை உண்டாக்குவதாகும்.

முதலில் ஆவணங்கள்

ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் காரில் பொறித்துள்ள எண்களோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிரித்துப் போட்ட காரை ஆய்வுக்குக் கொண்டுசெல்ல இயலாததால், பெரும்பாலும் பதிவு காலாவதியாகியிருக்கும். இதற்கான நடைமுறையையும் நிலுவைத் தொகையையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிந்து, வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

பல ஆண்டுகளுக்கு முன் அடைத்து முடித்த கடனின் ஹைப்போதிகேஷன் குறிப்பு ஆர்.சி.யில் நீக்கப்படாமல் இருக்கக்கூடும். கடன் கொடுத்த வங்கியிடம் சான்று பெற்று, படிவம் 35 வழியாக அதை நீக்கிக்கொள்ளுங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசு முதலில் படிவம் 31 மூலம் காரைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதத்தை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்வது பின்னாளைய பிணக்கைத் தவிர்க்கும்.

‘விண்டேஜ்’ என்ற சொல்

விற்பனை அறிவிப்பில் இச்சொல்லைப் பலரும் எளிதாக எழுதிவிடுகின்றனர். 2021ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு வரையறை தந்துள்ளது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும்; சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. இப்பிரிவில் புதிதாகப் பதிவு செய்வதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். இவ்வாறு பதிவான காரைக் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர, அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ ஓட்டலாகாது.

பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜின் பொருத்துவது ஒரு காலத்தில் பரவலாக இருந்த வழக்கம். உங்கள் காரில் அவ்வாறு செய்யப்பட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். பழைய என்ஜின் மூலையில் கிடந்தாலும் அதைத் தனியே விற்றுவிடாதீர்கள். காருக்கு அதன் அசல் நிலையைத் திருப்பித் தரக்கூடிய பொருள் அதுவே.

இருப்பதும் இல்லாததும்

கழற்றிய உதிரிப் பாகங்களைப் பெட்டிகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டி, படம் எடுத்துப் பட்டியலிடுங்கள். இல்லாத பாகங்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். என்ஜின் பாகங்களைக் காட்டிலும் கண்ணாடி, குரோம் பட்டைகள், விளக்கு வளையங்கள், சின்னங்கள் ஆகியவற்றைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாலும் கடினம். துருப்பிடித்துப் பயனற்றுப்போன தகட்டையும் எறிந்துவிடாதீர்கள். புதிய தகடு வெட்டும் டிங்கருக்கு அதுவே அளவு காட்டும் மாதிரி.

துருவின் மேல் பெயின்ட் அடித்து மறைப்பது நம்பிக்கையைக் கெடுக்கும். ஹெரால்டுக்குச் சேஸிஸ் தனி, பாடி தனி. அதன் சேஸிஸ் சட்டத்தை வாங்குபவர் பார்த்தாக வேண்டும். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பாடியே பாரம் தாங்குவதால், தரைத் தகட்டிலும் கதவடி விளிம்பிலும் உள்ள துருவே செலவைத் தீர்மானிக்கும்.

விலை நிர்ணயம்

இதுவரை செய்த செலவைக் கூட்டி விலை சொல்வது பொதுவான பிழை. வேலை முடிந்த அதே வகைக் காரின் சந்தை விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவதே முறை. உதாரணமாக, வேலை முடிந்த கார் 8 லட்சம் ரூபாய் பெறும் என்று கொள்வோம். மீதி வேலைக்கு 4.5 லட்சம், எதிர்பாராச் செலவுக்கு 1 லட்சம் என மதிப்பிட்டால் எஞ்சுவது 2.5 லட்சம். நீங்கள் ஏற்கெனவே 5 லட்சம் செலவிட்டிருந்தாலும், வாங்குபவர் அதை எண்ணமாட்டார். இருவேறு பணிமனைகளில் எழுத்துமூலம் பெற்ற மதிப்பீடு கையிலிருந்தால் பேரம் சுருங்கும்.

பணமும் வரியும்

ஒரே பரிவர்த்தனைக்காக 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. தவணைகளாகப் பிரித்து வாங்கினாலும் தடை நீங்காது. பெற்ற தொகைக்கு ஈடான தொகை அபராதமாகலாம். ஆகவே வங்கி வழியே பெறுங்கள். தொகை கணக்கில் சேர்ந்ததை உறுதி செய்தபின் காரை ஒப்படையுங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணை இடவேண்டிய தேவை எப்போதும் இல்லை; இடச் சொல்பவர் மோசடிக்காரர்.

சொந்த உபயோகத்துக்குரிய கார் மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை. அதனால் விற்பனை லாபத்துக்கு வரி இல்லை. ஆனால் 1931ஆம் ஆண்டு ஃபோர்டு கார் ஒன்றைப் பற்றிய வழக்கில், பயன்படுத்தத்தக்கதாக இருந்தால் மட்டும் போதாது, உண்மையில் சொந்த உபயோகத்தில் இருந்திருக்க வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. புதுப்பிப்பதற்கென்றே வாங்கி ஒருநாளும் ஓட்டாத காரை நல்ல லாபத்துக்கு விற்பவர், முன்னதாக ஆடிட்டரைக் கலந்துகொள்ள வேண்டும்.

பெயர் மாற்றம்

ஓடாத கார்தானே என்று பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதே எல்லாவற்றிலும் ஆபத்தானது. வாங்கியவர் அதை ஓட வைத்துவிடலாம். அல்லது வேறொருவருக்குக் கைமாற்றலாம். அப்படிப் பலர் கைமாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் கூறியது. காப்பீடு இல்லாத நிலையில் அத்தொகை விற்றவரின் சேமிப்பிலிருந்தே போகும்.

ஆகவே படிவம் 29, 30 ஆகியவற்றில் ஒப்பேறிய கையோடு அவற்றை அலுவலகத்தில் சேர்ப்பித்துவிடுங்கள். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள்ளும், வெளிமாநிலத்துக்கு விற்றால் தடையின்மைச் சான்றோடு 45 நாட்களுக்குள்ளும் விற்பவர் தெரிவிக்க வேண்டும். இருக்கும் நிலையிலேயே விற்கப்படுவதாகக் குறிப்பிட்டு, பாகங்களின் இரு பட்டியல்களையும் இணைத்து, ஒப்படைத்த நாளையும் நேரத்தையும் எழுதி இருவரும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பெயர் மாறிவிட்டதைப் பரிவாகன் தளத்தில் பார்த்து உறுதி செய்தபின்னரே விற்பனை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.